சி படிவம்

வெளிநாட்டார் தங்கினால்
இருபத்துநாலு மணி நேரத்துக்குள்
சி படிவம் அனுப்பியாக வேண்டும்.
பெயர், பாஸ்போர்ட், எங்கிருந்து வருகிறார், எங்கே போகிறார்.
எதற்கு என்ற கட்டத்தில்
இருவருமே சுற்றுலா என்றார்கள்.

நாடுகளின் பெயரை இங்கே எழுதமாட்டேன்.
ஒன்றின் விமானம் மற்றதன் வானத்தில் பறக்காது.
ஒன்றின் கொடியை மற்றதன் தெருவில் கொளுத்துவார்கள்.
அவ்வளவு போதும்.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில்
எங்கள் லாட்ஜின் மூன்றாம் மாடியில்
கோபுரம் தெரியும் அறைக்கு நானூறு ரூபாய் கூடுதல்.
காலையில் வந்தவர் வேண்டாமென்றார்.
சாயங்காலம் வந்தவரும் வேண்டாமென்றார்.
சுவரைப் பார்த்த அறை கேட்கிற சுற்றுலாக்காரரைப்
பதினேழு வருஷத்தில் நான் கண்டதில்லை.
305. 307.
நடுவில் 306-க்குச்
சென்னையிலிருந்து யாரோ மூன்று நாள் வாடகை கட்டியிருந்தார்,
வரவேயில்லை.

மாயழகுதான் முதலில் சொன்னான்:
"306-ல மூணு டீ கேட்டாங்கண்ணே,
ஒண்ணு சீனி இல்லாம."
கதவை ஒரு சாண் திறந்து
தட்டை வாங்கிக்கொண்டார்களாம்.
கை யாருடையது என்று கேட்டேன்.
"கை மாதிரி இருந்துச்சுண்ணே."

விடிவதற்குள் டவுன்ஹால் ரோடு வரை போய்விட்டது.
கைதிகளை மாற்றிக்கொள்கிறார்கள் என்றார்
பேப்பர் கடை சந்தனகுமார்.
எதிர்க்கடை கோவர்த்தனன்
துறைமுகம் திறக்கப்போகிறது, பருத்தி இறங்கும் என்று
நூல் வாங்குவதைத் தள்ளிப்போட்டார்.
அறை கூட்டிவிட்டு வந்த ஜெபராணி
"ரெண்டு பேரும் ஒரே சோப்பு" என்றாள்.
அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் சொல்லவில்லை,
எங்களுக்கும் அது தேவைப்படவில்லை.

மூன்றாவது டீ யாருக்கு?
ராத்திரி முழுக்க லெட்ஜர் மேல் கைவைத்து
அதையேதான் யோசித்தேன்.

திருமங்கலத்தில் எனக்கும் தம்பி துரைச்சிங்கத்துக்கும்
நடுவில் ஒரு சுவர், ஒரு கேஸ், ஒன்பது வருஷம்.
வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில் போனாலும்
அவன் முன்படி, நான் பின்படி.
ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமை
என் தட்டில் விழும் அயிரைமீன் குழம்பில்
என் வீட்டில் யாரும் போடாத மாங்காய் கிடக்கும்.
கேட்பதில்லை.
எனக்குத் தெரியாது என்பது
இரண்டு அடுப்படிக்கும் தெரியும்.
கேட்டால் அன்றோடு நின்றுபோகும்.

மறுநாள் ஏட்டு ஒச்சப்பன் வந்து
ரிஜிஸ்டரைப் புரட்டினார்.
"306 காலியா?"
"காலி சார்."
"மூணு டீ?"
"பில்லுல இல்ல சார்."
அவர் என்னைப் பார்த்தார், நான் காலண்டரைப் பார்த்தேன்.
"காலி ரூம்ல ஃபேன் ஓடுதுய்யா, நிப்பாட்டச் சொல்லு"
என்று பேனாவை மூடிக்கொண்டு போனார்.
நான் யாரிடமும் சொல்லவில்லை.
ஓடட்டும்.

மூன்றாம் நாள் பொழுதுசாய
ஒருவர் பாண்டியன் எக்ஸ்பிரஸுக்குப் பெட்டியோடு இறங்க
மற்றவர் படியேறி வந்தார்.
இவர் கைப்பிடிப் பக்கம் ஒதுங்கினார், அவர் சுவர்ப் பக்கம்.
முன்பின் தெரியாதவர்கள்
அத்தனை கவனமாகப் பார்க்காமல் போகமாட்டார்கள்.

306-ல் படுக்கை விரித்தது விரித்தபடி.
மூன்று நாற்காலி.
மூன்றாவதன் எதிரே
சீனி போடாத டீ, நிறைந்தபடி,
ஆடை கட்டி.
மூன்று நாளும் அப்படித்தான் என்றான் மாயழகு,
தான்தான் கொட்டினேன் என்றான்.

பதினோராம் நாள் பேப்பரின் முதல் பக்கத்தில்
எல்லையில் மறுபடி சுட்டுக்கொண்டார்கள்.
ஏழாம் பக்கம், சீட்டுக்கம்பெனி விளம்பரத்துக்குக் கீழே,
இருபது வருஷம் மூடிக்கிடந்த பாலத்தின் மேல்
ஓர் ஆம்புலன்ஸ் போனதாக இரண்டு வரி.
இரண்டு அரசும் மறுத்திருந்தன,
கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில்.

கோவர்த்தனன் அன்றைக்குத்தான் நூல் வாங்கினார்.
விலை ஏறியிருந்தது.
"நீ கூடவே இருந்தியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல"
என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.